கணக்கில் வராத ஹோம் ரன்

பந்து மட்டையை விட்டுக் கிளம்பியபோது நார்பர்ட்டின் கைகளில் ஒன்றுமே தெரியவில்லை. அதுதான் அவனுக்கு விசித்திரமாக இருந்தது. இருபது கோடைகளாக ரைன்பெர்க் ஊர் பேஸ்பால் அணிக்கு ஆடுகிறான். ஒவ்வொரு அடிக்கும் உள்ளங்கை சுருக்கென்று எரியும்; அந்த வடக்குப் பகுதியின் மே மாதக் குளிரில் முழங்கை வரை விறுவிறுக்கும். அவனுடைய அடிகள் அப்படிப்பட்டவை. தரையோடு தரையாக உருண்டு, இரண்டு ஆட்களுக்கு நடுவே புகுந்து, புல்லில் போய் ஓய்ந்து நிற்பவை. ஊரில் அவனுக்குப் 'புல்வெட்டி' என்று பெயர். வேலிக்கு வெளியே போய் ஹோம் ரன் ஆகும் ஒரு பந்தைக்கூட அவன் இதுவரை அடித்ததில்லை. பால் பண்ணைக்காரர்களும் குழாய் வேலைக்காரர்களும் பள்ளிக்கூட வாத்தியார்களும் ஆடும் அந்த லீக்கில், நார்பர்ட்டை விடக் குட்டையானவர்கள், குண்டானவர்கள், முந்தின இரவு பியர் குடித்துவிட்டுக் கண் சிவந்து வந்தவர்கள்கூட ஆளுக்கு ஒன்றிரண்டாவது அடித்திருந்தார்கள். அவனுக்கு மட்டும் வாய்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடைசி இன்னிங்ஸ். எதிரணி லேக் ஆன்டன் நான்கு ரன், ரைன்பெர்க் மூன்று. ரைன்பெர்க்கில் இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருவன் போனால் ஆட்டம் முடிந்தது. ஓடிச் சுற்ற வேண்டிய நான்கு பேஸ்களில் முதலாவதில் நின்றது அவனுடைய தம்பி கிளெம். அன்று முழுவதும் பந்து வீசியவனும் அவன்தான். கிளெம் கடைசி பேஸான ஹோம் பிளேட்டுக்கு வந்து சேர்ந்தால் ஆட்டம் சமன். நார்பர்ட்டும் சேர்ந்து சுற்றி வந்துவிட்டால் வெற்றி, மாநிலப் போட்டி. நார்பர்ட் ஆட வந்த நாளிலிருந்து ரைன்பெர்க் அங்கே போனதில்லை. அவனுக்கு முப்பத்தெட்டு வயது. இடது முழங்கால் படி இறங்கும்போது சத்தம் போடுகிறது. இந்தக் கோடையோடு சரி என்று மனைவி மார்லிஸிடம் சொல்லியிருந்தான். மைதானத்துக்கு வருவதற்கு முன் வண்டியில் உட்கார்ந்து காலணிக் கயிறு கட்டும்போதே, இன்று தோற்றால் இதுதான் கடைசித் தடவை என்ற நினைப்பு வந்து, கயிற்றை அவிழ்த்து இன்னொரு முறை இறுக்கிக் கட்டியிருந்தான்.

"புல்வெட்டி வர்றான், குனிஞ்சு நில்லுங்கடா," என்று லேக் ஆன்டன் பெஞ்சிலிருந்து யாரோ கத்தினார்கள். களத்தில் நின்றவர்கள் சிரித்துக்கொண்டே நாலடி முன்னால் வந்து நின்றார்கள்.

அடித்த பந்து இடது பக்கமாக ஏறியது. நார்பர்ட் முதலில் ஓடவே இல்லை. தன்னுடைய பந்துதானா என்று பார்த்தான். பிறகு ஓடினான். ஓடும்போதும் கண் மேலேதான். இடது பக்கத்து ஆட்டக்காரன் பின்னாலேயே போய், விதைக் கம்பெனி விளம்பரம் எழுதிய பலகை வேலியில் முதுகு மோத எம்பி, கையுறையை வேலிக்கு அந்தப் பக்கம் நீட்டினான். அப்படியே சரிந்து கீழே விழுந்தான். அவன் விழுவதற்குச் சற்று முன்னால், வேலிக்கு அப்பால் இருந்த சோளக் கொல்லையில் இரண்டு மூன்று தட்டைகள் ஆடியதை நார்பர்ட் பார்த்தான். பந்து அங்கே விழுந்துவிட்டது. அவன் இரண்டு கைகளையும் தூக்கினான். முதல் பேஸை மிதித்துத் திரும்பினான். அதற்கப்புறம் என்ன பார்த்தான் என்று கேட்டால், வானத்தைத்தான் சொல்ல வேண்டும். வெள்ளையாக, புழுக்கமாக, ஒரு மேகம்கூட இல்லாமல் இருந்தது. முழங்கால் வலிக்கவில்லை. இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ் என்று காலடியில் வந்து வந்து போயின. ஹோம் பிளேட்டைச் சுற்றி ரைன்பெர்க்காரர்கள் கூடி நின்றார்கள். அவன் குதித்து இரண்டு காலாலும் அதை மிதித்தான். அவர்கள் அவன் மேல் விழுந்தார்கள். யாரோ அவன் தொப்பியைப் பிடுங்கித் தலையைத் தேய்த்தார்கள். யாருடைய பியரோ அவன் கழுத்து வழியாக உள்ளே இறங்கியது. மேனேஜர் ஆல்பின், வாழ்நாளில் எவரையும் கட்டிப்பிடிக்காத மனிதர், அவன் காதைப் பிடித்துத் திருகி முத்தம் கொடுத்தார்.

அந்த இரைச்சலுக்குள்தான் நடுவர் வெர்ன் முதல் பேஸ் பக்கமிருந்து நடந்து வந்தார். வாரம் முழுக்க பால் லாரி ஓட்டுகிறவர், ஞாயிற்றுக்கிழமை நடுவர். வலது கை முஷ்டி தோளுக்கு மேல் உயர்ந்திருந்தது. அவசரப்படவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் இருந்தவர்கள் முதலில் அமைதியானார்கள், பிறகு அவர்களுக்கு உள்ளே இருந்தவர்கள். கடைசியில் நார்பர்ட்டின் காதில் தொங்கிக்கொண்டிருந்த ஆல்பின் திரும்பினார்.

"என்ன வெர்ன்?"

"ஆளு அவுட்."

"யாரு?"

"நார்ப். கிளெமைத் தாண்டிட்டான். ஃபர்ஸ்ட் பேஸுக்கும் செகண்ட் பேஸுக்கும் நடுவுல."

நார்பர்ட்டுக்கு அது புரியவில்லை. கிளெமைத் தேடினான். கிளெம் முதல் பேஸுக்குப் பக்கத்தில், கோட்டுக்கு இந்தப் பக்கம், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அவ்வளவு பெரிய உருவம். அடித்தவனுக்கு முன்னால் ஓடி வந்து சேர்ந்திருக்க வேண்டியவன். இங்கே இவர்களோடு குதித்துக்கொண்டிருக்க வேண்டியவன். யாரும் கவனிக்கவே இல்லை, அவன் இங்கே இல்லை என்பதை.

"பந்து வெளிய போயிடுச்சுய்யா," என்றார் ஆல்பின். "வெளிய போன பந்துக்கு என்ன தாண்டுறது, தாண்டாதது."

"வெளிய போனாலும் முறையாச் சுத்தி வந்தாகணும். முன்னாடி ஓடுறவனைப் பின்னாடி வர்றவன் தாண்டினா, தாண்டினவன் அவுட். ரெண்டு பேரு ஏற்கெனவே போயாச்சு, இது மூணாவது. கிளெம் இன்னும் வந்து சேரல. அந்த ரன்னும் கிடையாது." வெர்னின் குரல் இறங்கிவிட்டது. "எனக்கு மட்டும் இது சந்தோஷமா ஆல்பின்? என் பெண்டாட்டி ஊர் இது."

"அவன் நின்னுட்டான். நிக்கிறவனை எப்படித் தாண்டாம போறது?"

"நிக்கிறவனைத் தாண்டுறதுதான் சுலபம்."

ஆல்பின் தொப்பியைத் தரையில் அடித்தார், சட்டப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார், இன்னொரு நடுவரைக் கூப்பிட்டார். ஒன்றும் மாறவில்லை. லேக் ஆன்டன்காரர்கள் முதலில் நம்பாமல் நின்றார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மெதுவாகக் கைகொடுத்துக்கொண்டார்கள். வேலியில் விழுந்த பையன் முழங்கையைத் தடவிக்கொண்டு வந்து சேர்ந்து, "ஜெயிச்சிட்டோமா?" என்று கேட்டான்.

ரைன்பெர்க் ஜனங்கள் வரிசையாக வந்து நார்பர்ட்டின் தோளைத் தட்டினார்கள். "உன் மேல தப்பில்லப்பா." "நீ உன் வேலையைச் செஞ்சுட்ட." "தம்பி எங்கே தூங்கிட்டிருந்தானாம்?" அவன் தலையாட்டிக்கொண்டே நின்றான். துக்க வீட்டில் வாசலில் நிற்பவனைப் போல வந்தவர்களுக்கெல்லாம் கை கொடுத்தான். கிளெம் பக்கம் ஒருவரும் போகவில்லை. அவன் மட்டைகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான். மார்லிஸ் மட்டும் அவனிடம் போய் ஏதோ சொல்லி, பையின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். அதைப் பார்த்தபோது நார்பர்ட்டுக்கு எரிச்சலாக இருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் மூன்று பேரும் ஒரே வண்டியில், ஒரே இருக்கையில், மார்லிஸ் நடுவில். பால் கறக்கும் நேரம் தாண்டிவிட்டது. உலகமே அழிந்தாலும் மாடுகளுக்கு மடி கனக்கும். அன்று மாலை அண்ணனும் தம்பியும் கொட்டிலின் இரண்டு பக்கங்களில், ஆளுக்கொரு வரிசையாக, ஒரு வார்த்தை பேசாமல் இயந்திரத்தை மாட்டி மாட்டிக் கழற்றினார்கள். அப்பா இறந்த பிறகு பண்ணையை இருவரும் சேர்ந்துதான் நடத்துகிறார்கள். கிளெம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கொட்டிலுக்குப் பின்னால் சக்கரம் கழற்றிய டிரெய்லர் வீட்டில் படுக்கை, மூன்று வேளையும் மார்லிஸின் மேஜையில் சாப்பாடு. ஒரு நாளில் இருவரும் ஒருவர் கண்ணில் ஒருவர் படாத நேரம் என்று பார்த்தால் தூக்கம் மட்டும்தான்.

திங்கட்கிழமை காலை ரேடியோக்கார வெஸ் தொலைபேசியில் வந்தார். பல காலமாக இந்த லீக்கின் ஆட்டங்களுக்கு வர்ணனை சொல்கிறவர். குரலில் துக்கம் விசாரிப்பவரின் அடக்கம் இருந்தது. ஆனால் அதற்கு அடியில் வேறொன்று குதித்துக்கொண்டிருந்தது.

"நார்ப், நீ இதைத் தெரிஞ்சுக்கணும். வேலிக்குள்ளயே பந்து கிடக்க, சுத்தி ஓடி எடுக்கிற ஹோம் ரன் இருக்கே, அது வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டாவது என் கண்ல படும். அதுவே மூணு பேஸ்லயும் ஆள் இருக்கும்போதுன்னா, ரெண்டே ரெண்டு பாத்திருக்கேன். அடுத்தடுத்து நாலு பேர் வெளிய அடிச்சதையும் பாத்தாச்சு. ஒரு தடவை பிடிக்கப் போனவன் மண்டையில பட்டு எகிறி வேலிக்கு வெளிய விழுந்துச்சு, பாவம், அவனுக்குத் தையல் போட்டாங்க. ஆனா இது..." மூச்சு வாங்கினார். "ஜெயிக்கிற ஹோம் ரனை அடிச்சுட்டு, முன்னாடி இருந்தவனைத் தாண்டி, அதனாலயே தோக்கிறது. பெரிய லீக்லயே இந்த மாதிரி அபூர்வம். அதுலயும் கூடப்பிறந்தவன். நான் கேள்விப்பட்டதே இல்ல."

"அப்படியா."

"கணக்குல இது என்னவா ஏறும் தெரியுமா? சிங்கிள். நீ ஃபர்ஸ்ட் பேஸை மட்டும்தான் ஒழுங்காத் தொட்டிருக்க. அதனால ஒரு சிங்கிள். அதுதான் விதி." அவர் குரலை அடக்க முடியாமல் சொன்னார்: "நார்ப், உண்மையாச் சொல்றேன், ஒரு மனுஷன் வாழ்நாள்ல ஆயிரம் ஹோம் ரன் பாக்கலாம். இதைப் பாக்க முடியாது."

"எனக்கு சாதாரணமானது ஒண்ணு போதும் வெஸ்," என்று சொல்லி நார்பர்ட் ரிசீவரை வைத்தான்.

அந்த வாரம் எங்கே போனாலும் அதுதான் பேச்சு. தீவனக் கடையில் மூட்டை ஏற்றும்போது கேட்டார்கள். மாதாகோயில் வாசலில் பங்குத்தந்தை கேட்டார். கருவூட்டுக்கு வந்த ஆள், மாட்டின் பின்னால் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு, "எந்த இடத்துலப்பா தாண்டின?" என்று கேட்டான். எல்லோருக்கும் கதை வேண்டியிருந்தது. சொல்லி முடித்ததும் எல்லோரும் ஒரே மாதிரி, வாயை ஒரு பக்கமாக இழுத்து, சிரிப்பை விழுங்கினார்கள். பிறகு கிளெமைத் திட்டினார்கள். முதல் இரண்டு நாள் அது நார்பர்ட்டுக்கு இதமாக இருந்தது. மூன்றாம் நாள், தன் தம்பியைத் திட்டும் உரிமை இவர்களுக்கு யார் கொடுத்தது என்று தோன்றியது. அந்த உரிமை தனக்கு மட்டும் உரியது. அதைத் தான் இன்னும் எடுத்துப் பயன்படுத்தக்கூட இல்லை.

புதன்கிழமை, மூன்றாம் முறை அறுத்து உலர்த்திய புல்லை வைக்கோலாகக் கட்டினார்கள். நார்பர்ட் டிராக்டரில், கிளெம் பின்னால் வண்டியில், இயந்திரம் துப்பும் கட்டுகளைப் பிடித்து அடுக்கிக்கொண்டு. கட்டும் இயந்திரத்தில் முடிச்சுப் போடும் பாகம் காலையிலிருந்தே மக்கர். பத்துக் கட்டுக்கு ஒன்று கயிறு நழுவி, வண்டிக்கு வருவதற்குள் அவிழ்ந்து சிதறியது. மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. நான்காவது முறை அவிழ்ந்தபோது நார்பர்ட் டிராக்டரை நிறுத்தி இறங்கினான். முடிச்சுப் பாகத்துக்குள் விரலை விட்டுக் கயிற்றுத் துணுக்கைப் பிடுங்கினான். வரவில்லை.

கிளெம் வண்டியிலிருந்து குதித்து வந்தான். "விடு, நான் பாக்கிறேன்."

"நீ பாத்ததெல்லாம் போதும்."

அது வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் அது எதைப் பற்றியது என்று தெரியும். கிளெம் கையுறைகளைக் கழற்றி இயந்திரத்தின் மேல் வைத்தான். அவன் கழுத்திலும் கையிலும் வைக்கோல் தூசி ஒட்டி வியர்வையில் பச்சையாக வழிந்திருந்தது.

"கேக்கணும்னா கேளு நார்ப். மூணு நாளா நீ சட்டியையும் பக்கெட்டையும் டங்கு டங்குன்னு வைக்கிறதைக் கேட்டுக்கிட்டு இருக்க முடியல."

"எதுக்கு நின்ன?"

"பிடிச்சிட்டான்னு நினைச்சேன். கை வேலிக்கு மேல போச்சு, அப்படியே விழுந்தான். முடிஞ்சுதுன்னு திரும்பி நம்ம பெஞ்ச் பக்கம் நடந்தேன்."

"ஊரே கத்துச்சே."

"கத்துச்சு. அவங்க ஊர்க்காரங்களும்தான் அங்க இருந்தாங்க."

"ரெண்டு அவுட். ரெண்டு அவுட் ஆயிட்டா கண்ணை மூடிக்கிட்டு ஓடணும். நாலாங்கிளாஸ் பையனுக்குத் தெரியும். பிடிச்சானோ விட்டானோ, ஓடிட்டே இருக்கணும்."

"தெரியும்."

"வேற யாராவது அடிச்சிருந்தா நின்னிருப்பியா?"

நார்பர்ட் அதை யோசித்துக் கேட்கவில்லை. வாயில் வந்தது, கேட்டான். கிளெம் உடனே பதில் சொல்லியிருந்தால் அது அப்படியே போயிருக்கும். அவன் மேற்குப் பக்கம் பார்த்தான். கையுறையை எடுத்தான், மறுபடி வைத்தான்.

"உண்மையைச் சொல்லட்டுமா?"

"சொல்லு."

"நீ அடிச்சதுங்கிறதாலதான் நின்னேன். நீ அடிச்சு ஒண்ணும் அவ்வளவு தூரம் போனதில்ல. போகும்னு எனக்குத் தோணவே இல்ல. அவன் பிடிச்சிருப்பான்னுதான் தோணுச்சு."

நார்பர்ட்டின் விரல் இன்னும் முடிச்சுப் பாகத்துக்குள் இருந்தது. கயிற்றுத் துணுக்கு எப்போதோ வந்துவிட்டிருந்தது, அவன் கவனிக்கவில்லை. களத்தில் சிரித்துக்கொண்டே நாலடி முன்னால் வந்து நின்றவர்களைப் பற்றி அவனுக்குக் கோபம் இருந்ததில்லை. எதிரணிக்காரன் அப்படித்தான் நிற்பான். சொந்த ஊர்க்காரர்கள் புல்வெட்டி என்றதும் கோபமில்லை. ஆனால் முதல் பேஸில் நின்றவன், பிறந்ததிலிருந்து தன் பின்னாலேயே கையுறையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன், பந்து பறக்கும்போதே மனசுக்குள் அதைக் கீழே இறக்கிவிட்டிருக்கிறான்.

"நானும் ஒண்ணு கேக்கிறேன்," என்றான் கிளெம். "கேக்கலாமில்ல?"

நார்பர்ட் விரலை வெளியே எடுத்தான்.

"நான் ஆறடி மூணு அங்குலம். உனக்கு எதிர்ல நடந்து வர்றேன். அந்தப் பாதையில வேற ஒரு ஈ காக்கா இல்ல. உன் தோள் என் தோள்ல உரசிட்டுப் போச்சு நார்ப். நீ எப்படி என்னைப் பாக்கல?"

"பந்தைப் பாத்திட்டிருந்தேன்."

"பந்து அதுக்கு முன்னாடியே விழுந்தாச்சு. சோளத் தட்டை ஆடினதைப் பாத்தேன்னு நீயே மார்லிஸ்கிட்ட சொன்ன."

முதல் துளிகள் விழுந்தன. பெரிய துளிகள், தூசியில் பொத் பொத்தென்று குழி விழுந்தது. நார்பர்ட் டிராக்டரில் ஏறி ஓட்டினான். கிளெம் வண்டியில் ஏறினானா என்று திரும்பிப் பார்க்கவில்லை. வயலின் கோடியில் வளைக்கும்போது பார்த்தான். கிளெம் ஏறியிருந்தான், நனையும் கட்டுகளின் மேல் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தச் சால் முழுக்க வைக்கோல் நனைந்து வீணானது.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது தொலைபேசி அடித்தது. மார்லிஸ் எடுத்தாள். கேட்டாள். ரிசீவரை நெஞ்சில் வைத்து மூடிக்கொண்டு மேஜைப் பக்கம் திரும்பினாள்.

"லேக் ஆன்டன் மேனேஜர். ஹூபர்."

மாநிலப் போட்டிக்குப் போகும் அணி, தான் தோற்கடித்த ஊர்களிலிருந்து ஒன்றிரண்டு ஆட்டக்காரர்களைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். அந்த லீக்கில் அது பழைய வழக்கம். அவர்கள் எடுப்பது பந்து வீசுகிறவர்களை மட்டும்தான், வேறு யாரையும் எடுப்பதில்லை என்று நார்பர்ட்டுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒரு கணம், முள்கரண்டி வாய்க்குப் பாதி வழியில் இருந்தபோது, அவன் மனது எழுந்து உட்கார்ந்தது. அவ்வளவு தூரம் அடித்தவன். அவர்கள் கண்ணாலேயே பார்த்தார்கள்.

"கிளெம் வேணுமாம்," என்றாள் மார்லிஸ்.

கிளெம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது சிவந்துவிட்டது. அந்த ஞாயிறு அவன் நன்றாக வீசினான் என்பது உண்மை. விழுந்த நான்கு ரன்களில் அவன் குற்றம் என்று எதுவும் இல்லை. இரண்டு, நார்பர்ட்டே கைநழுவ விட்ட பந்துகளால் வந்தவை. அதை யாரும் பேசவில்லை. தோற்ற பிறகு அதையெல்லாம் பேசுவதற்கு வேறொன்று கிடைத்துவிட்டது.

"நீ வேண்டாம்னா நான் போகல," என்றான் கிளெம், தட்டிடம்.

"நான் வேண்டாம்னு சொல்லணுமா? அதையும் நானே செய்யணுமா?"

"இல்ல, வைக்கோல் இருக்கு, பால் இருக்கு..."

"வைக்கோலைப் பத்திப் பேசாத."

"அவர் லைன்ல காத்திட்டிருக்கார்," என்றாள் மார்லிஸ். "ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்குக் கை வலிக்குது."

நார்பர்ட் உருளைக்கிழங்கைக் கரண்டியின் பின்புறத்தால் மசித்தான். ஏற்கெனவே மசித்த உருளைக்கிழங்கு அது. கிளெம் போனால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரிந்தது. தம்பி மாநிலப் போட்டியில், ஜனங்கள் நிறைந்த மைதானத்தில், இன்னொரு ஊர்த் தொப்பியைப் போட்டுக்கொண்டு நிற்பான். ஆட்டத்தைத் தொலைத்தவன் அங்கே போவான். அடித்தவன் சாணி வாரிக்கொண்டு இங்கே இருப்பான். போகாவிட்டால் என்ன நடக்கும் என்றும் தெரிந்தது. இந்த மேஜையில், இதே நாற்காலியில், தினம் மூன்று வேளை, 'நீ போக விடல' என்று சொல்லாமல் உட்கார்ந்து சாப்பிடுவான். இந்த இரண்டில் எது மோசம் என்று ஒரு மனிதனை அவன் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வைத்துக் கேட்கிறார்கள்.

"போகச் சொல்லு," என்றான்.

மார்லிஸ் ரிசீவரை வாய்க்குக் கொண்டுபோனாள். கிளெம் "நன்றி" என்று சொல்ல வாயெடுத்தான். நார்பர்ட் எழுந்து தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டு வெளியே போனான். ஒரு வேலையும் இல்லை. பால் அறையின் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்தான். சாத்தியிருந்தது.

சனிக்கிழமை மதியம் கிளெம் கிளம்பினான். லேக் ஆன்டன்காரர்கள் கொடுத்த சட்டை அவனுக்குச் சிறியதாக இருந்தது. கைப்பகுதி அக்குளில் இறுக்கிப் பிடித்தது. மார்லிஸும் கூடை நிறைய சாண்ட்விச் கட்டிக்கொண்டு, காதில் தொங்கட்டான் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். நார்பர்ட்டுக்கு அப்போதுதான் தெரியும்.

"நீ எங்க?"

"அவன் ஆடுறதைப் பாக்க நம்ம வீட்லருந்து ஒரு ஆளாவது போகணும். நீயும் வா. பால் கறக்கப் பக்கத்துப் பண்ணை டோனி வர்றேன்னு சொன்னார், நான் கேட்டு வெச்சிருக்கேன்."

"டோனிக்கு எந்த மாடு உதைக்கும்னு தெரியாது."

"உதைச்சா தெரிஞ்சுக்குவார்."

"நான் வரல."

மார்லிஸ் கூடையைக் கீழே வைத்தாள். "அந்தப் பந்து போன தூரத்தை நான் பாத்தேன், நார்ப்," என்றாள். "நான் நின்ன இடத்திலருந்து நல்லாத் தெரிஞ்சுது. அதை யாரும் உன்கிட்டருந்து எடுக்கல. ஆனா அதை வெச்சுக்கிட்டு எங்க எல்லாரையும் அடிக்காத."

கிளெம் வண்டியைக் கிளப்பி, ஜன்னலை இறக்கினான். "சாயங்காலம் ஒத்த ஆளா முடியுமா?"

"மாடுங்க உன்னைக் கேக்காது, போ."

டோனியைத் தொலைபேசியில் கூப்பிட்டு வர வேண்டாம் என்று சொன்னான். பிறகு, மாலையில், தனியாக இரண்டு வரிசைகளையும் பார்க்க வேண்டியிருந்தபோது, சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தான். இந்தப் பக்கம் மாட்டிவிட்டு அந்தப் பக்கம் ஓடினால், இந்தப் பக்கம் வற்றிய மடியை இயந்திரம் வெறுமே உறிஞ்சிக்கொண்டிருந்தது. முழங்கால் சத்தம் போட்டது. கோணல் பல் கொண்ட கிழட்டு மாடு ஒன்று, கிளெமுக்கு மட்டும் அடங்குவது, அவன் மணிக்கட்டில் உதைத்தது. ஒவ்வொன்றுக்கும் அவனுக்கு யார் மேலாவது கோபம் தேவைப்பட்டது. அங்கே அவன் ஒருவன்தான் இருந்தான்.

ரேடியோவைப் போடக் கூடாது என்றுதான் இருந்தான். பால் கறக்கும்போது மாடுகளுக்குப் பாட்டு வேண்டும், பழக்கம். அதற்காகத்தான் போட்டான். பால் அறைக் கதவோரம் பலகையில் இருந்த ரேடியோவைத் திருகியபோது பாட்டு வரவில்லை, வெஸ் வந்தார்.

கடைசி இன்னிங்ஸ். லேக் ஆன்டன் ஒரு ரன் முன்னிலை. எதிரணிக்கு இரண்டு பேஸில் ஆள். வீசிக்கொண்டிருந்தவன் களைத்துவிட்டான், மேனேஜர் ஹூபர் வெளியே வருகிறார், கையைக் காட்டுகிறார். "ரைன்பெர்க்கிலிருந்து கடன் வாங்கிய கிளெமென்ட் ரூலண்ட் வருகிறார். நேயர்களே, போன ஞாயிற்றுக்கிழமை இவரை வைத்து நடந்த கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள்..." என்று ஆரம்பித்து வெஸ் அதைச் சொன்னார். முழுதாக, சிரிப்போடு, நார்பர்ட்டின் பெயரோடு. மைதானத்தில் வெஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. நார்பர்ட் பாலில் நனைந்த கையை நீட்டி அணைக்கப் போனான். தொலைவில் மின்னியது. ரேடியோ கரகரத்து வெஸ்ஸை விழுங்கிவிட்டது.

அணைக்கப் போன கை ஏரியல் கம்பியைப் பிடித்தது. குரல் வந்தது. விட்டான், போனது. மறுபடி பிடித்தான்.

முதல் ஆள் அவுட். இரண்டாவது ஆளும், ஒரு பந்தைக்கூடத் தொடாமல், அவுட். வெஸ் இப்போது சிரிக்கவில்லை. கொட்டிலில் நான்கைந்து மாடுகள் முடித்துவிட்டுக் காலை மாற்றி மாற்றி வைத்தன. இயந்திரத்தைக் கழற்ற வேண்டும். நார்பர்ட் கம்பியை விடவில்லை. மூன்றாவது ஆள் நல்ல உயரம், இந்த ஆண்டு அந்த மாவட்டத்திலேயே அதிகம் வெளியே அடித்தவன் என்று வெஸ் சொன்னார். ஒரு பந்து. இரண்டு. பிறகு மட்டையின் சத்தம். ரேடியோவில்கூட அது சுத்தமாகக் கேட்டது.

"உயரம்... இடது பக்கம்... ஆள் பின்னால் போகிறார்..."

உறிஞ்சும் மோட்டாரின் இரைச்சலில் அடுத்த வார்த்தை பிடிபடவில்லை. மோட்டாரின் சுவிட்ச் கதவுக்கு அந்தப் பக்கம். நார்பர்ட் ஒரு கையில் கம்பியைப் பிடித்தபடி உடம்பை முடிந்த மட்டும் நீட்டி, மறு கையால் அதைத் தட்டினான். அந்தப் பந்து வெளியே போக வேண்டும் என்றா, கையில் விழ வேண்டும் என்றா, எதற்காக நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை.

மோட்டார் மூச்சு விட்டு ஓய்ந்தது; ரேடியோவில் பந்து இன்னும் கீழே வந்திருக்கவில்லை. இரண்டு வரிசைகளிலும் இயந்திரங்கள் மடிகளை விட்டு நழுவி, ஒன்றன்பின் ஒன்றாக வைக்கோலில் விழுந்தன. அந்த நேரத்தில் அப்படியொரு அமைதியை ஒருபோதும் கேட்டிராத மாடுகள் அசை போடுவதை நிறுத்திவிட்டு, கழுத்துச் சங்கிலி குலுங்க, எல்லாம் ஒருசேரத் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தன.